சி.ஆர். கொப்பியில் மிச்சக் கணக்கு

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீயும் மருமகள் பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்கக் கோணேசரை வேண்டிக்கொள்கிறோம்.

வாட்ஸ்அப்பில் ஒரு வரி போடாமல் இந்த மனுஷன் ஏன் கடுதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய். நீ போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். சின்னவன் நடுவில் வந்து விழுந்த பல்லைக் காட்டுவான், அம்மா அதைப் பார்த்து உருகுவா, உன் முகத்தை நான் ஒருதரம் ஒழுங்காகப் பார்க்குமுன் 'சரி அப்பா, பிறகு எடுக்கிறேன்' என்பாய். அதோடு எனக்கு எழுதித்தான் பழக்கம். மாவட்டக் கச்சேரிக் கணக்குப் பகுதியில் இருந்தவனுக்கு வாயால் சொல்வதைவிடத் தாளில் எழுதுவது லேசு.

இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. மத்தியானத்தில் வெளியே தலைகாட்ட ஏலாது. கடல் மட்டும் குளம் மாதிரிக் கிடக்கிறது. கரைவலைக்காரருக்கு நல்ல காலம், நெத்தலியும் சூடையும் மலிவு. வெள்ளிக்கிழமை கோணேசர் கோயிலுக்குப் போய் உங்கள் எல்லோருடைய பெயரிலும் அர்ச்சனை செய்தோம். கோட்டைக்குள் நின்ற மான்களைப் பார்த்து அம்மா, 'இதிலே எது சின்னவனின் தொப்பியைச் சப்பின மான்' என்று தேடிக்கொண்டு நின்றா. எல்லா மானும் ஒரே முகம்தானே.

எங்களை ஊர் ஊராகக் கூட்டித் திரிந்துவிட்டு நீங்கள் கனடாவுக்குத் திரும்பிப் போன பிறகு வீடு ஒரு நிலைக்கு வரக் கனநாள் எடுத்தது. இன்னும் முழுதாக வரவில்லை. அம்மா விடிய நாலு மணிக்கே எழும்பிப் பிளாஸ்கில் சுடுதண்ணீர் ஊற்றி வைக்கிறா, வானில் கொண்டுபோகவாம். எந்த வான் என்று கேட்டால் கோபம் வருகிறது. இடியப்பத்துக்கு மா குழைக்கிற அளவு இன்னும் ஆறு பேருக்குத்தான். மிச்சம் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அவர்களும் இப்போது 'போதும் அன்ரி' என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். எனக்கென்றால் பின்னேரமானதும், இன்றைக்கு எங்கே தங்குகிறோம் என்ற கேள்வி தானாக வந்து நிற்கிறது. மாதக்கணக்காக ஒரே வானில் ஆளுக்கு மேல் ஆளாக இருந்துவிட்டு, இப்போது அவ ரிவியைப் பார்க்கிறா, நான் முற்றத்தைப் பார்க்கிறேன். கதைக்க இருந்ததையெல்லாம் நீங்கள் சூட்கேஸில் வைத்துக் கொண்டுபோய்விட்டீர்கள். இதை முறைப்பாடாக எடுக்காதே.

உங்களுக்கும் அப்படித்தானே இருக்கும். மூத்தவள் அறைக் கதவை மூடிக்கொண்டே இருக்கிறாள் என்று பிள்ளை சொன்னா. மூடட்டும். அத்தனை நாளும் அப்பம்மாவின் குறட்டையோடு ஒரே அறையில் படுத்த குமர்ப்பிள்ளை, கதவு ஒன்று கிடைத்தால் மூடத்தானே செய்வாள். அதற்காக அவளை ஏசாதே. பிள்ளைகளை நேரத்துக்குப் படுக்க வை. நீயும் நேரத்துக்குப் படு. காலையில் எழும்பிச் சவரம் செய்து, சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போ. எங்கே என்று நான் கேட்கவில்லை. வெளியே போ.

முன்பெல்லாம் நீ ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எடுப்பாய், அதுவும் கடைக்குப் போகிற வழியில். இப்போது செவ்வாயும் வருகிறது, வியாழனும் வருகிறது. அம்மாவின் சந்தோஷத்தைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கோடை காலத்தில் நமக்கு இடையில் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். அதை நான் எழுதி மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன். எங்களுக்கு இரவு எட்டரை என்றால் உனக்குக் காலை பதினொரு மணி. காலை பதினொரு மணிக்கு நீ குசினியில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டு எங்களோடு கதைக்கிறாய். நன்றாகவும் வெட்டுகிறாய், 'இவன் இதை எங்கே பழகினான்' என்று அம்மா கேட்கிறா. இந்தக் காலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். அவவுக்கு அதைத்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

சின்னவன் போன கிழமை பெரிய சந்தோஷமாகச் சொன்னான்: 'அப்பப்பா, எந்த நாளும் அப்பாதான் என்னை ஸ்கூலுக்குக் கூட்டிக்கொண்டு போறார். பின்னேரமும் அவர்தான் வாசலில் நிற்கிறார்.' 'நல்லது அப்பு' என்றேன். இருட்டோடு போய் இருட்டோடு வருகிற தகப்பனைத்தான் அந்தப் பிள்ளை முன்பு கண்டது. இன்னும் கொஞ்ச நாளில் பள்ளிக்கூட லீவு வந்துவிடும். அப்போது என்ன செய்வதாக இருக்கிறாய்?

தம்பி, நீ எங்களைக் கூட்டிக்கொண்டு போன மாதிரி இந்த உவர்மலையில் எந்தப் பிள்ளையும் தாய் தகப்பனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. நான் சொல்லித் திரிகிறேன். தேத்தண்ணிக் கடையில் என்னைக் கண்டாலே ஆட்கள் பேப்பரை விரித்துவிடுகிறார்கள். நானுஓயாவில் ரயில் ஏறின நேரம் முதல் எல்ல வரைக்கும் அம்மா யன்னலை விட்டு நகரவில்லை. ஒன்பது வளைவுப் பாலம் 1921ஆம் ஆண்டு கட்டி முடித்தது என்று நான் சொல்லிக்கொண்டிருக்க, அவ 'பேசாமல் இருங்கோ, பார்க்க விடுங்கோ' என்றா. எனக்கு அப்படி அவ சொன்னது கலியாணம் கட்டின காலத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான். இராமேஸ்வரத்தில் 22 தீர்த்தத்துக்கும் அவவின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாய். வாளித் தண்ணீர் ஒவ்வொரு தரம் தலையில் விழும்போதும் அவ மூச்சு வாங்கிப் 'போதுமடா' என்பா. 'இன்னும் நாலுதான் அம்மா' என்று நீ பத்தாவது கிணற்றிலும் சொன்னாய், பதினைந்தாவதிலும் சொன்னாய். அவ நம்பினா.

எங்கள் குடும்பம் மூட்டை கட்டினதெல்லாம் ஓடுவதற்குத்தான். 1990இல் உனக்கு நாலு வயது. திரும்பி வருகிற திகதி போட்ட ரிக்கற்றோடு நாங்கள் இந்த வீட்டுக் கதவைப் பூட்டினது இதுதான் முதல் தடவை. மண்டபம் அகதி முகாம் வாசலைத் தாண்டும்போது அம்மா வான் கண்ணாடியை ஏற்றினா. நீ உடனே டிரைவரிடம் ஏசியைப் போடச் சொன்னாய். அவ வெக்கையில் ஏற்றவில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிள்ளைகள் கேட்கவில்லை, நாங்களும் ஒன்றும் கதைக்கவில்லை. கதைக்காமல் விடுகிற கெட்டித்தனம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இருக்கிறது. உனக்கு என்னைவிடக் கூட.

தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் நின்று, 'இதை யார் உடைத்தது' என்று சின்னவன் கேட்டான். 1964 டிசம்பர்ப் புயல் என்று சொன்னேன். அதே புயல் அங்கே போகுமுன் எங்கள் பக்கத்தைத்தான் தாக்கினது, எனக்கு அப்போது ஒன்பது வயது என்றும் சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'அப்போ நீங்கள்தான் அதை இங்கே அனுப்பினீங்களா' என்று கேட்டான். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தா, டிரைவரும் சிரித்தார். நீ சிரிக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

அதற்கு முன்னம் மதுரையில், லொட்ஜ் நடையில் நடுச்சாமத்தில் நீ போனில் இங்கிலிஷில் கதைத்துக்கொண்டு நின்ற அன்று, நான் தண்ணீர் குடிக்க எழும்பியிருந்தேன். என்ன கதைத்தாய் என்று எனக்குக் கேட்கவில்லை. குரல் கேட்டது. அந்த நேரம் அங்கே பின்னேரம், கந்தோர் மூடாத நேரம். திரும்பி வந்து சத்தம் போடாமல் படுத்தாய், விடியும்வரை புரண்டாய். அடுத்த நாள் விளக்குத்தூண் பக்கம் துணிக்கடையில் அம்மாவுக்குச் சாறி எடுத்தபோது விலையைத் திருப்பியே பார்க்கவில்லை. நீ விலை பார்க்காமல் சாமான் வாங்குகிற பிள்ளை இல்லை. சின்ன வயதில் சுருளில் கச்சான் வாங்கினால் கொட்டை எண்ணுகிறவன். அந்த இரவைப் பற்றி நான் அன்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

போன இடமெல்லாம் நான் சி.ஆர். கொப்பியில் கணக்கு எழுதினதைப் பார்த்துச் சிரித்தாயே, அந்தக் கொப்பி என் முன்னால் இருக்கிறது. இலங்கைக் காசு ஒரு பக்கம், இந்தியக் காசு மற்றப் பக்கம். வான் கூலி, லொட்ஜ், குறிகட்டுவானில் இருந்து நயினாதீவுக்குப் படகுக் காசு, தஞ்சாவூரில் சின்னவன் வாந்தி எடுத்த சீட்டைக் கழுவ டிரைவருக்குக் கொடுத்தது வரைக்கும் கிடக்கிறது. இருந்து கூட்டிப் பார்த்தேன். தொகையை இங்கே எழுதவில்லை. 'சம்பளமில்லாத லீவு அப்பா, என்னுடைய இடம் அப்படியே இருக்கும்' என்று வந்த அன்றே சொன்னாய். நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். ஆனால் கணக்கு எழுதினவனின் கண், செலவைப் பார்த்தவுடன் வரவுப் பக்கத்தைத் தேடும்.

ஏன் இவ்வளவு நீட்டினாய்? கதிர்காமத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்விட்டுத் திரும்பியிருந்தால் எங்களுக்குப் போதாதா? சிதம்பரத்தை அடுத்த வருஷம் பார்த்திருக்கலாம், நடராசர் எழும்பிப் போகமாட்டார். உனக்கு எப்போதும் எல்லாம் முழுசாக வேண்டும். அம்மாவின் முழங்கால் அடுத்த வருஷம் ஏலாது என்று சொல்லிச் சொல்லியே எங்களை வாயடைத்தாய். அது உண்மைதான். போன மாதம் டொக்டரும் அதைத்தான் சொன்னார், இப்போது படி ஏறுவதில்லை. நீ அன்று கூட்டிக்கொண்டு போகாவிட்டால் அவ அந்தத் தீர்த்தங்களை ஆடியிருக்க மாட்டா. அதனால் ஏசவும் முடியவில்லை, ஏசாமல் இருக்கவும் முடியவில்லை.

மூத்தவள் வாய்தவறிச் சொன்னாள், தன் அம்மா சனிக்கிழமையும் வேலைக்குப் போகிறா என்று. ஆகவே பிள்ளைக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அது பெரிய ஆறுதல். அவவின் சாப்பாட்டை நீ கட்டிக் கொடுக்கிறாய் என்றால் அதுவும் நல்லதுதான். சாப்பாட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கட்டிலில் விழாதே. சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போ. நூலகம் பக்கத்தில்தானே இருக்கிறது என்றாய். நாலு பேரைக் கண்டு கதை. உன்னைப் போல வேலை தெரிந்தவன் வீட்டுக்குள் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது.

அடுத்த கிழமை கனடா போகிற ஆளிடம் ஒரு பார்சல் கொடுத்துவிடுகிறோம். வழக்கமாக அனுப்புகிற மிளகாய்த்தூள்தான், ஆனால் இந்த முறை அம்மா மூன்று மடங்கு வறுத்து இடிப்பித்து வைத்திருக்கிறா. நெத்தலிக் கருவாடும் அப்படியே. 'ஏன் இவ்வளவு' என்று கேட்டேன். 'கிடந்தால் பழுதாகாது' என்றா. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இனி எழுத வந்த விஷயம். நிலாவெளிக் காணியைக் கேட்டுக் கொழும்பில் இருந்து ஒருவர் வந்து போனார். ஹோட்டலுக்கு வேலையாட்கள் தங்கக் கட்டிடம் போடப் போகிறாராம். றோட்டில் இருந்து உள்ளே தள்ளிக் கிடக்கிற துண்டுதான், அதற்கே அவர் சொன்ன விலையைக் கேட்டு அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. 2004இல் கடல் வந்து போன பிறகு, சும்மா தந்தாலும் வேண்டாம் என்று சனம் சொன்ன பக்கம் அது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். நொத்தாரிசிடம் காணி உறுதியைக் காட்டினேன். ஒரு வில்லங்கமும் இல்லை என்றார்.

இந்த வீடு தங்கச்சிக்கு என்று எப்போதோ எழுதியாயிற்று. அந்தக் காணி உனக்கென்று கிடக்கிறது. நான் செத்த பிறகு உன் கைக்கு வந்து என்ன பிரயோசனம்? உனக்கு அப்போது தேவைப்படாது. இதை யோசித்துப் பார். தேவையில்லை என்றால் காணி கிடக்கட்டும், பனையும் மாடும் பார்த்துக்கொள்ளும். தேவை என்றால் கணக்கு நம்பரை அனுப்பு, மிச்சத்தை நான் பார்க்கிறேன். என்ன ஏது என்று ஒன்றும் எழுத வேண்டாம். நானும் கேட்கமாட்டேன்.

அந்த ஆள் ஆடி பிறக்குமுன் எழுதி முடிக்க வேண்டும் என்று அவசரப்படுகிறார். கடிதம் கிடைத்த உடனே ஓம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல் போடு. என்னுடைய போனுக்குப் போடு, அம்மாவின் போனுக்கு வேண்டாம். நீ வீட்டிலிருந்து வேலை செய்கிறாய் என்று நான் சொன்னதை அவ நம்பிக்கொண்டிருக்கிறா.

இப்படிக்கு,
அப்பா