ஷேவிங்கைச் சூளைக்குக் கொடுக்காதீர்கள்: தோல் தொழிற்சாலை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலை உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம். குரோமில் பதனிட்ட தோலைச் சீவும்போது விழும் ஷேவிங்கைச் செங்கல் சூளையில் எரிக்கக் கொடுக்காதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

“இத்தனை வருஷமா டிரம்முல குரோம்தான் போடுறோம், யாருக்கு என்ன ஆச்சு?” என்று கேட்கிறீர்கள். பாதி நியாயமான கேள்விதான். தோலைப் பதனிட டிரம்மில் போடும் பேசிக் குரோமியம் சல்ஃபேட்டில் உள்ள குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது. செல்லின் சவ்வை எளிதில் தாண்டாது. நீங்கள் ‘குரோம் சிக்ஸ்’ என்று சொல்வது வேறு, அது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். குரோமேட்டாக அது சல்ஃபேட்டைப் போலவே இருப்பதால், சல்ஃபேட்டுக்கான வாசல் வழியே செல்லுக்குள் நுழைந்துவிடுகிறது.

உள்ளே வைட்டமின் சி அதை மூன்றாக இறக்குகிறது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் டிஎன்ஏவுக்குப் பக்கத்தில் இது நடந்தால், இறங்கிய குரோமியம் அங்கேயே ஒட்டிக்கொள்கிறது, சில சமயம் வைட்டமின் சியையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு.

பழுது பார்ப்பது செல்லுக்குப் புதிதல்ல. தினமும் பல்லாயிரம் பழுதுகளைச் சரிசெய்கிறது. டிஎன்ஏவில் ஓர் எழுத்து கெட்டால் ஒரு நொதி அதைக் கழற்றும், இன்னொன்று இழையை வெட்டும், பாலிமரேஸ் சரியான எழுத்தை வைக்கும், லிகேஸ் ஒட்டும். வெயில் டிஎன்ஏவில் உண்டாக்குவது போன்ற பெரிய புடைப்பு என்றால், சுற்றி ஏறத்தாழ 30 எழுத்துகளையே வெட்டியெடுத்து, எதிர் இழையைப் பார்த்து நிரப்பும். குரோமியம் ஒட்டிய இடங்களில் ஒரு பங்கு இப்படி நீங்கிவிடும்.

சிக்கல் மிச்சத்தில் இருக்கிறது. டிஎன்ஏ நகலெடுத்தபின் எழுத்துப்பிழை தேடும் புரதங்கள் (இவற்றின் வேலையை விளக்கியதற்கே பால் மாட்ரிச் 2015இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்) குரோமியம் ஒட்டிய இடத்தைப் பிழை என்று பிடித்து வெட்டுகின்றன. திருத்தம் முடிவதில்லை, கடைசியில் இரண்டு இழைகளும் அறுகின்றன. அப்படி அறுந்த செல்கள் பெரும்பாலும் சாகின்றன. பிழைப்பவை, பிழை தேடும் புரதத்தையே இழந்த செல்கள். அவை பிழைகளைக் குவித்துக்கொண்டே பெருகும். ஜப்பானில் குரோமேட் தொழிலாளர்களின் நுரையீரல் புற்றுக்கட்டிகளில் இந்தத் திருத்தக் குறைபாட்டின் தடயத்தைக் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே மூன்று இணைதிறன் குரோமியம் ஆறாக மாறும் வழிகளை அடைத்துவிடுங்கள். தோலை மென்மையாக்கும் எண்ணெய்க் கலவையான ஃபேட்லிக்கரில் நிறைவுறாத கொழுப்பு மிகுந்த மீன் எண்ணெயைக் குறையுங்கள். தோலின் அமிலத்தைக் குறைக்க நியூட்ரலைஸ் செய்யும்போது பிஎச் 6.5ஐத் தாண்ட விடாதீர்கள். இரண்டாம் முறை பதனிடும் ரீடேனிங்கில் கொஞ்சம் தாவரப் பட்டைச் சத்து சேர்த்தால் தோலில் ஆறு உருவாவது தடைபடும். கடுக்காய் நம் ஊருக்குப் பழைய சரக்குதானே. தோலில் குரோம் சிக்ஸுக்கு ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்பது உங்களுக்கே தெரியும். ஏற்றுமதித் தோலுக்குக் காட்டும் அந்தக் கவனம் தூசிக்குள் நிற்கும் ஆளுக்கும் வேண்டும்: தோலின் மேற்பரப்பைத் தேய்க்கும் பஃபிங் அறையை உலர் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், உறிஞ்சும் குழாயைப் பயன்படுத்துங்கள்.

கிணற்று நீரைச் சோதித்தால் மொத்த குரோமியம் மட்டும் போதாது, ஆறைத் தனியே கேளுங்கள். மாதிரிப் புட்டியில் நைட்ரிக் அமிலம் விடக் கூடாது. விட்டால் ஆறு மூன்றாகி, இல்லை என்று முடிவு வரும். ஐஸில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதிக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் அவசரமானது ஷேவிங். காற்றுபட எரித்தால் அதிலுள்ள மூன்று, சாம்பலிலும் புகையிலும் ஆறாகும். ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையின் குரோமேட் கழிவு மேட்டிலிருந்து மழைக்குக் கசிந்த மஞ்சள் நீரைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆறின் நிறம் தெரியும். மூட்டையை ஏற்ற வருபவரிடம் எங்கே போகிறது என்று கேளுங்கள். தோல் கழிவை அழுத்திச் செய்யும் அட்டையான லெதர் போர்டுக்கு என்றால் கொடுங்கள். செங்கல் சூளைக்கு என்றால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள்.