பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்திடும் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

கோலாலம்பூர், கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழ்ச் சபைகளின் போதகர் ஐயாமாருக்கும், சபைக் குழுவில் பொறுப்பில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

செந்தூலிலிருந்து எழுதுகிறேன். ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. என் தம்பி சிரம்பானில் இறையியல் இளங்கலைப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறான். அவனோடு படிக்கிறவர்களும், பெட்டாலிங் ஜெயாவிலும் பினாங்கிலும் வேதாகமக் கல்லூரிகளில் படிக்கிறவர்களும் விடுமுறை வந்தால் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். சாப்பிட்டுவிட்டுப் பேச உட்கார்ந்தால் சபை வேறு, ஊர் வேறு, ஆனால் எல்லாரும் சொல்லும் கதை கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தக் கதையை அவர்கள் உங்கள் முன்னால் சொல்ல மாட்டார்கள். நாளைக்கு உங்களிடம்தான் ஊழியம் செய்ய வர வேண்டும் என்பதால் தயங்குகிறார்கள். அதனால் நான் சொல்கிறேன்.

இறையியல் கல்லூரியில் சேர வேண்டுமானால் சபையின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். போதகர் கையெழுத்து இல்லாமல் விண்ணப்பம் ஓர் அடி நகராது. கடிதம் போனதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் பிள்ளையை முன்னால் நிறுத்தி, தலைமேல் கைவைத்து ஜெபித்து, கையில் ஒரு காணிக்கை உறையைக் கொடுத்து அனுப்புகிறோம். பல சபைகளில் அதோடு சரி. நான் உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். கையெழுத்துப் போட்ட சபை, படிப்பு முடியும்வரை அந்தப் பிள்ளைக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும்.

முதலில் இந்தப் படிப்பைப் பற்றி நமக்குள் இருக்கும் எண்ணம் மாற வேண்டும். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்ததும் சில வீடுகளில் என்ன பேச்சு நடக்கிறது என்று உங்களுக்கும் தெரியும். "ரிசல்ட் சரியில்லை, பேசாமல் பைபிள் காலேஜுக்கு அனுப்பிவிடுவோம்" என்பார்கள். அதே வீட்டில் நன்றாகப் படிக்கும் பிள்ளை தனக்கு அழைப்பு இருக்கிறது என்று சொன்னால், "முதலில் ஒழுங்காக ஒரு டிகிரி முடி, அப்புறம் பார்க்கலாம்" என்று பதில் வரும். இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே நினைப்பு: ஊழியத்துக்குப் படிப்பது ஒரு படிப்பே இல்லை. குழுவில் இருக்கிற நம்மில் சிலரும் அப்படித்தான் நினைக்கிறோம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிரம்பானில் கொமுட்டர் ரயில் ஏறினால் செந்தூல் வந்து சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். முதல் ஆண்டில் அந்த நேரம் முழுவதும் என் தம்பி கிரேக்க வினைச்சொற்களை மனப்பாடம் செய்துகொண்டு வருவான். லூஓ, லூஎய்ஸ், லூஎய், லூஓமென் என்று வீட்டுக்கு வந்த பிறகும் குளியலறையில் சத்தம் கேட்கும். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறு, கோட்பாட்டு இறையியல், நெறியியல், பிரசங்கக்கலை, ஆற்றுப்படுத்தும் ஊழியம், மற்றச் சமயங்கள் என்று ஒவ்வொரு பருவத்துக்கும் பாடங்கள் இருக்கின்றன. ஒரு வேதபகுதியின் ஆறேழு வசனங்களை எடுத்து, அவை எந்தச் சூழலில் யாருக்கு எழுதப்பட்டன, மூலமொழியில் வாக்கியம் எப்படி அமைந்திருக்கிறது, விளக்கவுரை எழுதியவர்கள் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்று பதினைந்து பக்கக் கட்டுரை எழுத வேண்டும். வாசிக்க வேண்டிய நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலம். தமிழ்ப் பள்ளியில் படித்து, இடைநிலைப் பள்ளியில் மலாய்க்கு மாறிய பிள்ளைக்கு இது மூன்றாவது மொழியில் கனமான படிப்பு. சிரம்பானில் தமிழ்வழிப் பாடத்திட்டம் இருப்பது பெரிய உதவிதான், ஆனால் நூலக அலமாரியில் தமிழ்ப் புத்தகங்கள் பிடித்திருக்கும் இடம் சிறியது. வேறெங்கும் இடம் கிடைக்காதவர் போகும் வழி என்று இதை நினைத்துக் கையெழுத்துப் போட்டால், அந்தப் பிள்ளை முதல் ஆண்டிலேயே தடுமாறும். தவறு பிள்ளையுடையது அல்ல.

இனி பணம். இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் என் வேலை அதுதான்.

பொறியியலோ கணக்கியலோ படிக்கப் போகிற பிள்ளைக்கு பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் இருக்கிறது. அந்தக் கடன், மலேசியத் தகுதிகள் முகமையான எம்.கியூ.ஏ.வின் தகுதி பெற்ற படிப்புகளுக்குத்தான். நம் இறையியல் கல்லூரிகளின் பட்டங்கள் தென்கிழக்காசிய இறையியல் கல்விச் சங்கம், ஆசிய இறையியல் கழகம் போன்ற அமைப்புகளின் அங்கீகாரத்தில் நிற்கின்றன. திருச்சபைகளுக்கு இடையே அந்த அங்கீகாரத்துக்கு மதிப்பு உண்டு. ஆனால் கடன் விண்ணப்பப் பாரத்தில் அதற்குக் கட்டம் கிடையாது. ஆக, கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம், மடிக்கணினி, வார இறுதிப் பயணம் எல்லாவற்றையும் குடும்பம்தான் பார்க்க வேண்டும். இந்தப் பிள்ளைகளில் பலருடைய அப்பா லோரி ஓட்டுகிறார், அல்லது பாதுகாவலர் வேலையில் இருக்கிறார்.

சபை உதவவில்லை என்று சொல்ல மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு ஒரு உறை, கன்வென்ஷன் நேரத்தில் ஒரு சிறப்புக் காணிக்கை, ஏதோ ஓர் அங்கிள் உருக்கமாகக் கையில் திணிக்கும் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்), எல்லாம் வருகின்றன. அன்போடுதான் தருகிறார்கள். ஆனால் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று தெரியாத வரவை வைத்து யாராலும் கணக்குப் போட முடியாது. பருவக் கட்டணத்துக்குத் தேதி உண்டு. அந்தத் தேதி நெருங்கும்போது பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டுத் தொலைபேசியை எடுக்கிறார்கள். யாரிடம் கேட்கலாம், போன தடவை கேட்டவரிடமே திரும்பவும் கேட்டால் என்ன நினைப்பார் என்று தயங்கித் தயங்கி ஒவ்வொரு எண்ணாக அழைக்கிறார்கள். இருபது வயதுப் பிள்ளை ஊழியத்தைப் பற்றிக் கற்கும் முதல் பாடம் கையேந்துவதாக இருக்கலாமா?

அறுபது குடும்பங்கள் உள்ள ஒரு சபையை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்துக்கு மாதம் 10 வெள்ளி என்றால் 600 வெள்ளி. அதை மாதா மாதம் ஒரே தேதியில் கல்லூரிக்கே நேராகக் கட்டிவிட்டால், அந்தப் பிள்ளை யாருக்கும் தனியாகக் கடன்பட வேண்டாம். உதவியவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் குனிந்து நிற்கவும் வேண்டாம். முடியாத சபை 200 வெள்ளி கொடுக்கட்டும். ஆனால் முதல் மாதம் தொடங்கிக் கடைசி மாதம்வரை தவறாமல் கொடுக்கட்டும். புது ஒலிபெருக்கிக்கும் குளிர்சாதனத்துக்கும் நாம் தவணை கட்டவில்லையா? அதே ஒழுங்கு இதற்கும் வேண்டும்.

இது நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. தரங்கம்பாடியில் 1718-இல் ஞானஸ்நானம் பெற்ற ஆரோன், உபதேசியாராகப் பல ஆண்டுகள் பயிற்சியும் ஊழியமும் செய்து, 1733-இல் குருவாக அபிஷேகம் பெற்றார். புராட்டஸ்டண்ட் சபையில் அந்தப் பட்டம் பெற்ற முதல் தமிழர் அவர். அந்த ஆண்டுகளில் அவரைத் தாங்கியது மிஷன்தான். பினாங்குக் கத்தோலிக்க நண்பர்களையும் கேட்டுப் பாருங்கள். 1665-இல் அயுத்தியாவில் தொடங்கி, 1808-இல் பினாங்குக்கு வந்த காலேஜ் ஜெனரல் குருமடத்துக்கு ஒரு இளைஞர் போகிறார் என்றால் மறைமாவட்டம் அனுப்புகிறது, மறைமாவட்டமே தாங்குகிறது. கட்டணத்துக்காக அவர் வீடு வீடாகப் போவதில்லை. நம் பக்கத்திலும் பாருங்கள். சிரம்பானில் இருக்கும் செமினாரி தியோலொஜி மலேசியாவை 1979-இல் உருவாக்கியதே ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லூத்தரன் சபைகள்தான். கல்லூரி வேண்டும் என்று முடிவெடுத்த சபைகளுக்கு, அங்கே போகும் பிள்ளையும் தங்கள் பிள்ளைதானே?

பணத்தைவிட எனக்கு அதிகம் வலிப்பது களப்பணி. வார இறுதிகளில் மாணவர் ஒரு சபையில் இருந்து, அங்குள்ள போதகரின் மேற்பார்வையில் ஊழியத்தைக் கற்க வேண்டும். இது பட்டப்படிப்பின் ஒரு பகுதி, மதிப்பெண் உண்டு.

என் தம்பி ஓர் ஆண்டு இருந்த சபையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. போன முதல் வாரமே வேன் சாவியைக் கொடுத்தார்கள். ஞாயிறு காலை ஏழரைக்கு அடுக்குமாடி வீடுகளுக்குப் போய் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி வர வேண்டும். ஆராதனையில் பாட்டு வரிகளைத் திரையில் ஓட்ட வேண்டும். மதியம் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன். நாற்காலி அடுக்குவது தனி. இவை எல்லாம் நல்ல வேலைகள்தான், செய்ய மாட்டேன் என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அந்த ஆண்டு அவன் பிரசங்கம் செய்த நாட்களில் ஒருநாள்கூட யாரும் அவனை உட்காரவைத்து, இது நன்றாக வந்தது, இங்கே ஆள் தொலைந்துபோனார்கள் என்று பேசவில்லை. ஆண்டு முடிவில் மேற்பார்வையாளர் அறிக்கை வந்தது. எல்லாக் கட்டத்திலும் "மிக நன்று" என்ற இடத்தில் சரி போட்டிருந்தது. கருத்து எழுதச் சொல்லி விட்டிருந்த இடம் முழுக்க வெறுமை. அவன் அந்தத் தாளை மேசைமேல் வைத்துவிட்டு, "அக்கா, இவர் என்னைப் பார்க்கவே இல்லை" என்றான்.

அடுத்த ஆண்டு வேறொரு சபை. அந்தப் போதகர் ஐயா வசதியான சபையில் இருப்பவரும் இல்லை, பெரிய பேச்சாளரும் இல்லை. ஒருநாள் இரவு ஒரு பி.பி.ஆர். அரசாங்க அடுக்குமாடி வீட்டில் சாவு. இறந்தவர் கடைசிக் காலத்தில் ஞானஸ்நானம் பெற்றவர், அண்ணன் தம்பிகள் எல்லாரும் இந்துக்கள். தேங்காய் உடைத்து, தீபம் காட்டி, முறைப்படி எல்லாம் செய்துதான் எடுக்க வேண்டும் என்று பெரியப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். ஜெபம் மட்டும் போதும், அதுதான் அப்பாவின் விருப்பம் என்று மகள் அழுகிறாள். நம் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இது எத்தனை வீட்டில் நடக்கிறது! ஐயா வேதப்புத்தகத்தைத் திறக்கவே இல்லை. பெரியப்பாவின் கையைப் பிடித்துக் கீழே அழைத்துப்போய், படிக்கட்டு ஓரத்தில் உட்கார்ந்து, இறந்துபோன உங்கள் தம்பியைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டாராம். பெரியப்பா சின்ன வயதில் தோட்டத்தில் இருந்த கதையெல்லாம் சொல்லி அழுது முடித்த பிறகு, தானாகவே மேலே போய், "பிள்ளை சொல்லுறபடி செய்யுங்க" என்று சொல்லிவிட்டார். திரும்பும்போது ஐயா காரைக் கிளப்பாமல் என் தம்பியிடம், "என்ன பார்த்தாய்? நீயாக இருந்தால் எதை முதலில் செய்திருப்பாய்?" என்று கேட்டிருக்கிறார். நள்ளிரவு தாண்டி வீட்டுக்கு வந்தவன் என்னை எழுப்பி இதையெல்லாம் சொன்னான். ஆற்றுப்படுத்தும் ஊழியம் பற்றி வகுப்பில் படித்தது அத்தனையும் அன்றைக்குத்தான் புரிந்தது என்றான்.

அந்த ஐயா கூடுதலாக ஒரு வெள்ளி செலவழிக்கவில்லை. கூடவே அழைத்துப் போனார், பிறகு கேட்டார், அவ்வளவுதான். மருத்துவமனைக்குப் போகும்போது, கல்யாணத்துக்கு முந்திய ஆலோசனைக்கு உட்காரும்போது, குழுக் கூட்டத்தில் சண்டை வரும்போதுகூட மாணவர் பக்கத்தில் இருக்கட்டும். பிரசங்கம் செய்த அன்றைக்கு அரை மணி நேரம் அவரோடு பேசுங்கள். அறிக்கையில் உண்மையை எழுதுங்கள். குறை எழுதினால் பிள்ளை மனம் நோகும் என்று நினைக்காதீர்கள். ஒன்றும் எழுதாமல் விட்டதுதான் நோகச் செய்தது.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடிதம் எழுதும்போதே, படித்து வந்தால் எங்கள் சபையில் உனக்கு என்ன பணி இருக்கும் என்று அவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அதே பாடங்களை அதே மதிப்பெண்ணோடு முடித்து வருகிற பெண்ணுக்கு ஞாயிறு பள்ளியைத் தவிர வேறொன்றும் இல்லையென்றால், அதை அவள் நான்காம் ஆண்டில் தெரிந்துகொள்வது நியாயமில்லை.

கேள்வி கேட்டு, யோசித்துக் கையெழுத்துப் போடுங்கள் என்றும் சொல்ல வேண்டும். விண்ணப்பம் கொண்டு வரும் பிள்ளையோடு ஒரு மாலை உட்காருங்கள். ஏன் இந்தப் படிப்பு, குடும்பம் என்ன சொல்கிறது, எந்த மொழியில் படிக்க வசதி, கட்டணத்துக்கு என்ன வழி என்று கேளுங்கள். இன்னும் ஓராண்டு பொறுத்துப் போ என்று தோன்றினால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். வருத்தப்படலாம், ஆனால் சபை தன்னைப் பொருட்படுத்தி யோசித்தது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும்.

அறுப்பு மிகுதி, வேலையாட்களோ கொஞ்சம் என்று நம் ஜெபக்கூட்டங்களில் வாராவாரம் ஜெபிக்கிறோம். வேலையாளாக வருகிறேன் என்று வந்து நிற்பவர்கள் இவர்கள்தான்.

அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை நீங்கள் தயாரிக்கும்போது, "இறையியல் மாணவர்" என்று ஒரு வரியைச் சேருங்கள். இப்போது உங்கள் சபையிலிருந்து யாரும் படிக்கவில்லை என்றாலும் சேருங்கள், பக்கத்துச் சபைப் பிள்ளைக்கு உதவும். மாதா மாதம் கட்டுவதற்கான கணக்கை எப்படி வைப்பது என்று தெரியவில்லையென்றால், எந்தச் சபையாக இருந்தாலும் சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நான் வந்து எழுதிக் கொடுக்கிறேன்.

கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி,
செந்தூல், கோலாலம்பூர்