நாட்டுச் சர்க்கரை ஏன் கறுத்து வருகிறது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கமுங்க. இந்த முறை வந்த நாட்டுச் சர்க்கரையைப் பற்றிப் பலரும் கேட்டுவிட்டீர்கள். “ஏனுங்க, சக்கரை இப்படிக் கறுத்துக் கெடக்குது, பழைய சரக்குங்களா?” என்று ஒரு அம்மிணி நேராகவே கேட்டார். கூட்ட நேரத்தில் இரண்டு வார்த்தையில் சொல்லி அனுப்புகிற விஷயமாக இது இல்லை. அதனால்தான் இந்த மடல்.

சரக்கு புதியதுதான். இதுவரை வெளிர் மஞ்சள், அடர் பழுப்பு என்று இரண்டு வகையும் வைத்திருந்தோம். கேட்டதை எடை போட்டுக் கொடுத்தோம். இனிமேல் வெளிர் மஞ்சள் சர்க்கரை எடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். வெளுப்பதற்கு எதுவும் போடாமல் காய்ச்சுகிற ஆலைகளில் மட்டும் வாங்குகிறோம்.

கவுந்தப்பாடிப் பக்கம் ஆலைக்கொட்டாயைப் பார்த்தவர்களுக்கு வேலை எப்படி நடக்கும் என்று தெரியும். வெட்டிய கரும்பைத் தாமதிக்காமல் ஆட்ட வேண்டும். வெட்டிப் போட்டு வைத்தால் சாறு புளிக்கத் தொடங்கும். அந்தச் சாற்றில் காய்ச்சிய சர்க்கரை பிசுபிசுத்துக் கிடக்கும். ஆட்டிய சாற்றை வடிகட்டிப் பெரிய இரும்புக் கொப்பரையில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். அடுப்பு எரிக்கக் காய்ந்த கரும்புச் சக்கைதான். சாறு சூடாகும்போது அழுக்கெல்லாம் நுரையாகத் திரண்டு மேலே வரும். அதைச் சல்லடைக் கரண்டியால் வழித்து வழித்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சாற்றின் புளிப்பை முறிக்கக் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்ப்பது வழக்கம். பாகு முற்றியதா என்று தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்து, பதம் வந்ததும் தொட்டியில் கவிழ்த்து, ஆறும்போதே மரக்கட்டையால் தேய்த்துத் தூளாக்குகிறார்கள். அதே பாகை அச்சில் ஊற்றினால் அச்சு வெல்லம், கையால் பிடித்தால் உருண்டை வெல்லம். ஒரு டன் கரும்புக்கு ஏறக்குறைய 100 கிலோ கிடைக்கும்.

இந்த முறையில் காய்ச்சினால் நிறம் பழுப்பாகத்தான் வரும். சாற்றிலேயே நிறம் தரும் பொருள்கள் இருக்கின்றன. இரும்புக் கொப்பரையில் நெடுநேரம் கொதிப்பதால் அது இன்னும் கூடும். அப்புறம் எப்படி மஞ்சளாக வருகிறது என்றால், ஹைட்ரோஸ் என்கிற சோடியம் ஹைட்ரோசல்பைட்டை ஒரு கை அள்ளிக் கொப்பரையில் போடுகிறார்கள். திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைகளில் துணியின் நிறத்தை எடுக்கப் பயன்படும் சரக்கும் இதுதான். இதனால் சர்க்கரையில் தங்குகிற கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது. கொட்டாயில் கையளவில் அள்ளிப் போடுகிறபோது அந்த அளவை யார் நிறுத்துப் பார்ப்பது? இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். அப்படி வெளுத்த சர்க்கரை வீட்டு டப்பாவில் சில மாதம் இருந்தால் மெல்ல மெல்லக் கறுக்கும். வெளுப்பு நிலைப்பதில்லை.

ஆலைக்காரர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திலும் சரி, சித்தோடு வெல்லச் சந்தையிலும் சரி, சரக்கின் நிறத்தையும் பதத்தையும் பார்த்துத்தான் விலை போகிறது. 60 கிலோ மூட்டைக்கு நாலு காசு கூடக் கிடைக்கும் என்றால், கடன் வாங்கி ஆலை ஓட்டுகிறவர் என்ன செய்வார்? மஞ்சளாக இருந்தால்தான் நல்லது என்று கேட்டு வாங்கியது நாம் எல்லோரும்தான். நிறம் பார்க்காமல் நல்ல விலை கொடுக்கிற கடைகள் கூடினால் அவர்களே ஹைட்ரோஸை விட்டுவிடுவார்கள். எங்கள் கடையில் இந்தச் சர்க்கரை விலை கிலோவுக்கு 12 ரூபாய் கூடியதற்கு இதுதான் காரணம். அந்தப் பணம் ஆலைக்குத்தான் போகிறது.

ஆனால் கறுப்பாக இருக்கிற எல்லாமே நல்ல சர்க்கரை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடிப்பிடித்த பாகும் கறுக்கும், சுண்ணாம்பு அதிகமானாலும் கறுக்கும். உப்புத்தண்ணீர்க் கிணற்றுப் பாசனத்தில் விளைந்த கரும்பாக இருந்தால் சர்க்கரையிலும் உப்பு கரிக்கும். கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர் பாய்கிற வயல் கரும்புக்குத் தனி ருசி என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை. அதனால் நாங்கள் கண்ணை நம்புவதில்லை. ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்கிறோம். கடைசியில் கசப்போ கரிப்போ தட்டினால் அந்த மூட்டை திரும்பிப் போகும். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் நல்ல சர்க்கரை மாவாக மசியும். அஸ்கா என்கிற வெள்ளைச் சர்க்கரை கலந்திருந்தால் மணி மணியாக நெருடும். ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து வைத்து, அடியில் வெள்ளையாகப் படிகிறதா என்றும் பாருங்கள். படிந்தால் சுண்ணாம்புக்கல் பொடியைச் சந்தேகப்படலாம்.

இனி சமையலுக்கு வருவோம். நமது கொங்கு நாட்டு இனிப்புகள் இந்தச் சர்க்கரையின் மணத்தை நம்பித்தான் இருக்கின்றன. சந்தகையை எடுத்துக்கொள்ளுங்கள். புழுங்கலரிசி மாவை வேகவைத்துச் சூடு ஆறுவதற்குள் அச்சில் வைத்துப் பிழிந்து, மேலே ஏலக்காய் தட்டிப் போட்ட தேங்காய்ப்பாலை ஊற்றி, ஒரு கை சர்க்கரையைத் தூவுகிறோம். அங்கே வேறு வாசனை எதுவும் கிடையாது. சர்க்கரை கரைந்து பால் பழுப்பாகிற இடத்தில்தான் ருசி. அஸ்கா போட்டால் இனிக்கும், அவ்வளவுதான். ஒப்புட்டு என்கிற போளியின் பூரணமும் இப்படித்தான்.

கச்சாயம் என்கிற அதிரசம் சுடுகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பழுப்புச் சர்க்கரையின் பாகு பார்வைக்குச் சீக்கிரமே முற்றியது போல் தெரியும். நிறத்தை நம்பி இறக்கிவிட்டால் மாவு நெகிழ்ந்து எண்ணெயில் பிரிந்துபோகும். வழக்கம்போலத் தண்ணீரில் விட்டு, உருட்ட வருகிறதா என்று பார்த்தே இறக்குங்கள். அரிசியை நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் இருக்கும்போதே இடித்த மாவாக இருக்கட்டும். பால் காப்பிக்குப் போடுகிறவர்கள் கொதிக்கிற பாலில் சர்க்கரையைக் கொட்ட வேண்டாம், திரிந்துவிடும். இறக்கிச் சற்று ஆறிய பிறகு கலக்குங்கள். பால் சேர்க்காத வறக்காப்பிக்கு அந்தக் கவலை இல்லை.

பழனிப் பஞ்சாமிர்தத்தில் விருப்பாச்சி மலைவாழைப்பழத்தோடு சேருவதும் நாட்டுச் சர்க்கரைதான். அதற்குத் தேவஸ்தானம் கவுந்தப்பாடி விற்பனைக் கூடத்தில் கொள்முதல் செய்கிறது. அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நமது ஈரோட்டு மஞ்சளுக்கும் அதே ஆண்டில்தான். தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துப் போகிறவர்கள் வீட்டிலேயே பஞ்சாமிர்தம் கலந்தால், இந்தச் சர்க்கரையில் நிறம் கொஞ்சம் அடர்த்தியாக வரும். மணம் நன்றாகவே இருக்கும்.

சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சிலர் “இது ஒண்ணும் பண்ணாதுங்களே?” என்று கேட்டு வாங்குகிறீர்கள். விற்பனைக்காக ஆமாம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பகுதி இனிப்புதான். இரத்தத்தில் அது தன் வேலையைச் செய்யும். மருத்துவர் சொன்ன அளவுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

நாட்டுச் சர்க்கரை ஈரத்தைச் சீக்கிரம் இழுக்கும். மழை மாதங்களில் கட்டி தட்டினால் கெட்டுப்போனதாக நினைக்க வேண்டாம். ஒரு மணி நேரம் வெயிலில் பரப்பி எடுத்தால் உதிர்ந்துவிடும். ஈரக்கரண்டி படாமல் மூடி இறுக்கமான பாத்திரத்தில் வையுங்கள். பூஞ்சை பிடித்திருந்தாலோ, புளித்த வாடை வந்தாலோ கொண்டுவந்து கொடுங்கள். பாதி தீர்ந்த பொட்டலமாக இருந்தாலும் மாற்றித் தருகிறோம், பில் தேவையில்லை.

மழை பிடித்தால் சக்கை காயாமல் ஆலைகள் நின்று நின்று ஓடும். தீபாவளி நோம்பிக்கு வேண்டியவர்கள் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே சொல்லி வைத்தால் எடுத்து வைக்கச் சௌகரியமாக இருக்கும். ஐந்து கிலோவுக்கு மேல் என்றால் வீட்டுக்கே அனுப்பி வைக்கிறோம். வெளிர் மஞ்சள் சரக்கில் மீதி இருப்பதைப் பழைய விலைக்கே கொடுத்து முடித்துவிடுவோம். அது எது என்று பொட்டலத்தின் மேல் எழுதி ஒட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மளிகைக் கடைக்காரர்கள்,
கோபிசெட்டிபாளையம்