பொட்டிப்புரத்தார் கேட்டவை: நியூட்ரினோ ஆய்வாளர் ஒருவருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். உங்கள் ஆய்வைப் பற்றிப் பொதுமக்களுக்குத் தமிழில் எழுதலாமா, எழுதினால் அதில் சொந்தக் கருத்தையும் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இதே தயக்கத்தோடு பல்கலைக்கழகங்களில் பலர் இருப்பார்கள் என்பதால், நீங்கள் சம்மதித்தபடி பெயரை விட்டுவிட்டு எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுகிறேன்.

எழுதுங்கள், கருத்தையும் சொல்லுங்கள். ஆனால் நியூட்ரினோ ஆராய்ச்சியில் இருக்கும் ஒருவர் தேனி மாவட்டத்துக்காரனிடம், அதுவும் பள்ளியில் இயற்பியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவனிடம் இதைக் கேட்டால், அந்த ஒரு வரியோடு அவன் நிறுத்திக்கொள்ள மாட்டான்.

மின்னூட்டமில்லாத, எதையும் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய, எங்கள் மாவட்டத்துப் பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து கட்ட நினைத்தது இந்திய நியூட்ரினோ ஆய்வகம். அதில் நடந்ததை வெளியிலிருந்து பார்த்தவனின் வரிசையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதும்போது பிறக்கும் வளிமண்டல நியூட்ரினோவின் தடயத்தைக் கண்டார்கள். உலகில் அதை முதலில் கண்ட குழுக்களில் அதுவும் ஒன்று. அந்த மரபைத் தொடர இடம் தேடியவர்கள் முதலில் நீலகிரியின் சிங்காராவுக்குப் போனார்கள். முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய இடம் என்பதால் 2009-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்துவிட்டது. அதன் பிறகுதான் பொட்டிப்புரத்தின் அம்பரப்பர் மலை. சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மார்ச் மாதமே, வைகோ தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்தது. 2017-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைக்க, 2018-இல் மத்திய அரசு மீண்டும் அனுமதி கொடுக்க, 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் இத்திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

இத்தனை ஆண்டுகளில் அறிவியலாளர்கள் மக்களிடம் பேசவே இல்லை என்று யாராவது சொன்னால் அது பொய். கல்லூரிகளில் பேசினார்கள், தமிழில் கட்டுரைகள் வந்தன, துண்டறிக்கைகள் வந்தன. ஆனால் அவற்றில் பெரும்பகுதி நியூட்ரினோவைப் பற்றியதாகவே இருந்தது. சூரியனிலிருந்து வருபவை மட்டுமே ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில், அதாவது ஏறக்குறைய ஒரு விரல் நகத்தின் அளவுள்ள இடத்தில், விநாடிக்குச் சுமார் 6,500 கோடி கடந்துபோகின்றன, அவற்றால் உடம்புக்கு ஒரு தீங்கும் இல்லை என்று விளக்கினார்கள். சரியான செய்தி; வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் தங்கள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அதே செய்தியை மலையடிவாரத்தில் மாடு மேய்ப்பவரிடம் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார், பிறகு, "அதெல்லாம் இருக்கட்டும் சார், வேலி எதுவரைக்கும் வரும்?" என்றார். தோண்டும் கல்லை எங்கே கொட்டுவார்கள், வெடி வைத்தால் போர்த் தண்ணீர் இறங்கிவிடாதா, லாரி எந்தப் பாதையில் போகும் என்று அடுத்தடுத்து வந்த கேள்விகள் எதிலும் துகள் இயற்பியல் இல்லை. அவரை நியூட்ரினோ புரியாதவர் என்று எண்ணிப் பேசுகிறவர், அவர் கேட்டதற்கு இன்னும் வாய் திறக்கவில்லை என்றுதான் பொருள்.

இந்த இடத்தில்தான் உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நியூட்ரினோ வகைகளில் எது எடை கூடியது, எது குறைந்தது என்னும் நிறை வரிசையைப் பற்றிப் பேசும்போது நீங்கள் அறிந்தவர். பாறைப் பிளவுகளில் நீர் எப்படி இறங்கும் என்று பேசும்போது நீங்களும் என்னைப் போல் ஒரு குடிமகன்தான். இரண்டையும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு சொல்லிவிட்டால், கேட்பவருக்கு எதை எவ்வளவு நம்புவது என்று தெரியாமல் போகும். பின்னவற்றில் ஒன்று பிசகினால் முன்னதையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். நிலத்தடி நீரைப் பற்றி எழுத வேண்டுமானால் ஒரு நிலவியலாளரோடு சேர்ந்து எழுதுங்கள். அவர் உங்களோடு முரண்பட்டால், அந்த முரண்பாட்டையும் அப்படியே அச்சிடுங்கள். ஆய்வாளர்கள் தங்களுக்குள் வாதாடுவதைப் பார்க்கும் வாய்ப்பு நம் ஊர் வாசகர்களுக்கு அரிதாகவே கிடைக்கிறது.

வதந்திகளுக்கும் பஞ்சமில்லை. அணுக்கழிவைக் கொட்டப்போகிறார்கள், ஆயுதம் செய்யப்போகிறார்கள் என்றெல்லாம் பேசப்பட்டது. அவை தவறு என்று சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள். ஆனால் எதிர்ப்பவர் சொல்வதையெல்லாம் வதந்தி என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடாதீர்கள். துகள்களை வேகப்படுத்தும் வெளிநாட்டு முடுக்கியிலிருந்து நியூட்ரினோக் கற்றையை இங்கே பெறும் இரண்டாம் கட்டம் ஒன்று, திட்டத்தின் தொடக்க கால அறிக்கையிலேயே ஒரு சாத்தியமாகப் பேசப்பட்டது. அந்த அறிக்கையைப் படித்துவிட்டு ஒருவர் கேள்வி கேட்டால், அவர் உங்கள் துறையின் எழுத்தை மதித்துப் படித்த வாசகர். "ஆம், எழுதினோம், இப்போது அனுமதி கேட்பது வளிமண்டல நியூட்ரினோ ஆய்வுக்கு மட்டும், பின்னாளில் வேறு திட்டம் வந்தால் அதற்குத் தனியாக அனுமதி பெற வேண்டும்" என்பது நேர்மையான பதிலாக இருக்கும்.

சொந்தக் கருத்துக்கு வருகிறேன். நியூட்ரினோவைப் பதிவு செய்யும் கருவியாக 50,000 டன் காந்தமூட்டிய இரும்பை மலைக்குள் நிறுத்தும் திட்டத்தை, 2018-இல் சுற்றுச்சூழல் அனுமதிக்காகக் கட்டடக் கட்டுமானத் திட்டங்களுக்கான பிரிவில் வைத்துச் சிறப்பு நேர்வாகப் பரிசீலித்தார்கள். சட்டப்படி அதற்கு இடமிருக்கலாம். ஆனால் ஆய்வை மனதார விரும்பும் ஒரு பல்கலைக்கழக ஆசிரியர், "இந்த ஆய்வகம் நாட்டுக்கு வேண்டும், இந்த நடைமுறை எனக்கு உடன்பாடில்லை" என்று தன் பெயரில் எழுதினால், அதற்கு எந்தத் துண்டறிக்கைக்கும் கிடைக்காத மரியாதை கிடைக்கும். உங்கள் கருத்து எனக்கு நேர்மாறாக இருக்கலாம்; அதையும் கருத்து என்று சொல்லி எழுதுங்கள். கட்டுரையின் எந்தப் பத்தி அளவீடு, எந்தப் பத்தி உங்கள் எண்ணம் என்று வாசகருக்குத் தெரிந்தால் போதும்.

துறையில் என்ன நினைப்பார்கள் என்பதற்கு என்னிடம் ஆறுதல் இல்லை. பதவி உயர்வுக் கணக்கில் ஆய்விதழ்க் கட்டுரைக்கு இருக்கும் எடை தமிழ் இதழில் எழுதுவதற்கு இல்லை. நடத்தை விதிகள் உங்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை எழுதும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2022-இல் வெளியிட்ட அறிவியல் சமூகப் பொறுப்பு வழிகாட்டுதல்கள், ஆய்வாளர்கள் ஆண்டுக்குப் பத்து நாளாவது சமூகத்துக்கு ஒதுக்க வேண்டும் என்கின்றன. துறைத் தலைவரிடம் அதைக் காட்டிப் பாருங்கள், பயன்படலாம்.

எதை முதலில் எழுதுவது என்று தயங்கினால், மதுரையிலிருந்து தொடங்குங்கள். மலைக்குள் வைக்க நினைத்த பெரிய கருவியின் 85 டன் மாதிரி, விண்வெளிக் கதிர்களால் உண்டாகும் காஸ்மிக் மியூவான் துகள்களை அங்கே பதிவு செய்திருக்கிறது என்பது இந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? அடுத்ததாக, கொஞ்சம் கசப்பான ஒன்று. நிறை வரிசையை அறியும் அதே நோக்கத்தோடு சீனாவின் ஜூனோ ஆய்வகம் 20,000 டன் ஒளிரும் திரவத்தைக் கொண்டு 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது. நம் தாமதத்தால் எது கைவிட்டுப் போனது, நியூட்ரினோவையும் அதன் எதிர்த்துகளான எதிர்-நியூட்ரினோவையும் பிரித்தறியக்கூடிய காந்தக் கருவிக்கு இன்னும் என்ன வேலை மிச்சமிருக்கிறது என்பதை, திட்டத்துக்கு ஆதரவு தேடும் நோக்கம் இல்லாமல் நீங்கள்தான் எழுத முடியும். இனி அம்பரப்பர் மலையில் எதுவும் கட்ட வேண்டியதில்லை என்ற முடிவுக்கு அந்தக் கணக்கு உங்களைக் கொண்டுபோனால், அதையும் சேர்த்தே எழுதுங்கள்.

முதல் வரைவை எனக்கு அனுப்புங்கள். பொட்டிப்புரம் பக்கத்தில் என்னிடம் படித்தவர்கள் சிலர் விவசாயம் பார்க்கிறார்கள். அவர்களிடம் வாசிக்கக் கொடுத்து, கேட்கும் கேள்விகளை அவர்கள் வாய்மொழியாகவே எழுதி அனுப்புகிறேன். சமன்பாடு இருந்தால் எடுக்க வேண்டாம், நான் விளக்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், தேனி மாவட்டம்