நோட்டு எழுதினால் மரம் சாகுமா? பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

சுற்றுச்சூழல் நாளுக்காக நம் பிள்ளைகள் வரைந்த படங்கள் பள்ளி வராந்தாவில் ஒட்டப்பட்டிருக்கின்றன. பெரும்பாலான படங்களில் ஒரே காட்சிதான்: கோடரி, வெட்டுண்ட மரம், பக்கத்தில் ஒரு நோட்டு. "நான் எழுதும் ஒவ்வொரு பக்கமும் ஒரு மரத்தின் உயிர்" என்று ஒரு மாணவி எழுதியிருக்கிறாள். அந்தப் பிள்ளையின் அக்கறை எனக்குப் பெருமை தருகிறது. ஆனால் படங்களைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் சிலர், வீட்டுப்பாடத்தை நோட்டிலிருந்து செயலிக்கு மாற்றிவிட்டால் மரமாவது மிஞ்சுமே என்று கேட்டார்கள். கையால் எழுதும் பழக்கத்தையே நிறுத்தும் அளவுக்கு ஒரு முடிவை எடுப்பதென்றால், அதற்குச் சொல்லப்படும் காரணம் உண்மையாக இருக்க வேண்டும்.

புகளூர் வட்டாரத்தில் இருக்கும் நமக்கு இதை விளக்குவது எளிது. காகிதபுரத்தில் இருக்கும் ஆலை 1979இல் தமிழக அரசு தொடங்கிய நிறுவனத்துடையது. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வதுதான் அதன் நோக்கம். சர்க்கரை ஆலைகள் சாறு பிழிந்த சக்கையைத் தங்கள் கொதிகலனில் போட்டு எரித்துவந்தன. அந்தச் சக்கையை வாங்கிக்கொண்டு, ஈடாக வேறு எரிபொருளோ நீராவியோ தரும் ஏற்பாட்டில் காகிதம் உருவானது. நம் பிள்ளைகள் சிலரின் அப்பாக்கள் அங்கே வேலை செய்கிறார்கள். இன்னும் சிலரின் தாத்தாக்கள் அந்தக் கரும்பைப் பயிரிட்டவர்கள். அந்த வீட்டுப் பிள்ளையும் காகிதம் என்றாலே கோடரியை வரைகிறது என்றால், பக்கத்தில் நடப்பதை நாங்கள் சரியாகச் சொல்லித்தரவில்லை என்றுதான் பொருள்.

மரக்கூழும் காகிதத்துக்குத் தேவைதான். ஆனால் இன்று தமிழ்நாட்டு ஆலைகளுக்கு வரும் மரம் பெரும்பாலும் சவுக்கும் தைலமரமும். சவுக்கை விவசாயிகள் பட்டா நிலத்தில் நட்டு, மூன்று நான்கு ஆண்டுகளில் வெட்டி விற்று, மறுபடி நடுகிறார்கள். அது ஒரு பயிர். ஒரு காலத்தில் இந்திய ஆலைகள் அரசுக் காடுகளின் மூங்கிலை மிகக் குறைந்த விலைக்கு வாங்கிக் குவித்தது உண்மை. அதனால் மூங்கில் காடுகள் அழிந்ததும் உண்மை. 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை விவசாயிகளோடு சேர்ந்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்ன பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. இன்று நாட்டின் காகித உற்பத்தியில் பாதிக்கும் மேல் பழைய காகிதத்திலிருந்தே வருகிறது.

அதனால் மரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இந்தோனேசியாவின் சுமத்ரா தீவில், ரியாவ் மாகாணத்தில், இயற்கைக் காடுகளையும் சதுப்பு நிலங்களையும் அழித்துக் கூழுக்கான அகேசியா மரங்களை நட்டார்கள். நமக்கு அருகே புதுக்கோட்டையில், தைலமரக் காடுகளால் நிலத்தடி நீர் குறைகிறது, கண்மாய்களுக்கு வரத்து நின்றுபோகிறது என்று விவசாயிகள் நெடுங்காலமாகக் குரல் கொடுத்துவருகிறார்கள். மரம் வெட்டப்பட்டதா என்று மட்டும் கேட்டால் போதாது. அந்த நிலத்தில் முன்பு என்ன இருந்தது, நட்ட மரம் யாருடைய தண்ணீரைக் குடிக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

பிள்ளைகளின் படங்களில் நான் தேடியும் கிடைக்காத ஒன்று தண்ணீர். காகிதம் செய்வதில் சுற்றுச்சூழலுக்கு நேரும் பெரிய சோதனை அங்கேதான் இருக்கிறது. முன்பெல்லாம் ஒரு டன் காகிதத்துக்கு 2 லட்சம் லிட்டருக்கும் மேல் தண்ணீர் செலவானது. இப்போது நல்ல ஆலைகளில் அது சுமார் 50,000 லிட்டராகக் குறைந்திருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதையே கணக்காகக் கொடுக்கப்போகிறோம். ஒரு ஏ4 தாளின் எடை 5 கிராம். கிலோவுக்கு 200 தாள். அப்படியானால் தாள் ஒன்றுக்கு இன்றைக்கும் கால் லிட்டர் தண்ணீர். ஒரு வரி எழுதிவிட்டுக் கிழித்தெறியும் தாளுக்கும் அதே கால் லிட்டர்தான்.

அந்தத் தண்ணீர் என்னவாகி வெளியே வருகிறது என்பது அதைவிட முக்கியம். மரத்தையோ சக்கையையோ காஸ்டிக் சோடா போன்ற ரசாயனங்களோடு வேகவைத்து நாரைப் பிரிக்கிறார்கள். நாரை எடுத்த பிறகு கறுப்பான, அடர்த்தியான திரவம் மிஞ்சும். பெரிய ஆலைகள் அதைச் சுண்டவைத்துத் தனிக் கொதிகலனில் எரிக்கின்றன. அதிலிருந்து நீராவியும் மின்சாரமும் கிடைக்கின்றன. ரசாயனமும் திரும்பக் கிடைக்கிறது. இந்த வசதி இல்லாத ஆலை என்றால் அந்தக் கறுப்புத் திரவம் ஆற்றுக்குத்தான் போகும். "மரமில்லாக் காகிதம்" என்று அச்சிட்டிருந்தாலே அது நல்ல காகிதம் என்று நம்புவது இங்கேதான் தவறிப்போகிறது. வட இந்தியாவில் வைக்கோலில் காகிதம் செய்த பல சிறிய ஆலைகள் ஒரு மரத்தைக்கூட வெட்டவில்லை; ஆனால் ஆறுகளைக் கெடுத்தன. வைக்கோலில் சிலிக்கா அதிகம் என்பதால் ரசாயனத்தை மீட்பது கடினம். சிறிய ஆலைக்கு அந்தச் செலவும் கட்டுப்படியாகாது. காவிரிக் கரையில் வாழும் நாம் ஒரு ஆலையை எடைபோட வேண்டியது இதைக் கொண்டுதான்.

வெண்மையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பளீரென்ற தாள்தான் தரமானது என்று கடைக்காரரும் சொல்கிறார், நாமும் நம்புகிறோம். கூழ் இயல்பாகப் பழுப்பு நிறம்தான். அதை வெளுக்கக் குளோரின் வாயுவைப் பயன்படுத்தியபோது டையாக்சின் போன்ற நச்சுகள் கழிவில் சேர்ந்தன. இப்போது நல்ல ஆலைகள் குளோரின் வாயுவை விட்டுக் குளோரின் டையாக்சைடுக்கு மாறியதால் நச்சு வெகுவாகக் குறைந்திருக்கிறது. என்றாலும் கூடுதல் வெண்மை என்றால் கூடுதல் ரசாயனம்தான். சற்றே மங்கலான தாள் கண்ணுக்கு இதம். பென்சில் எழுத்துக்கும் குறைவில்லை. அடுத்த ஆண்டு பள்ளிக்கு வாங்கும் தேர்வுத் தாள்கள் அந்த வகையாகவே இருக்கும்.

மறுசுழற்சிக்குப் போடுகிறோமே, பிறகென்ன என்று நினைப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் நார் குட்டையாகிக்கொண்டே போகும். ஐந்து ஏழு சுற்றுக்குப் பிறகு அது தாளாக நிற்காது. எண்ணெய் பட்ட பொட்டலத் தாளும், உள்ளே பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் குவளையும் சாதாரண ஆலைக்கு உதவாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழக அரசு தடைசெய்த பொருள்களில் அந்தக் குவளையும் உண்டு. பள்ளி விழாக்களில் அதை இனி யாரும் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செயலிக்கு மாறும் யோசனைக்கு வருகிறேன். ஒரு கைபேசியால் நேரும் கரிம உமிழ்வில் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே நேர்ந்துவிடுகிறது. பள்ளிச் சுற்றறிக்கைகளை உங்களிடம் ஏற்கெனவே உள்ள கைபேசிக்கு அனுப்பலாம், அனுப்பப்போகிறோம். ஆனால் நோட்டை மிச்சப்படுத்துவதற்காகப் பிள்ளைக்குப் புதிதாக ஒரு கருவி வாங்கிக் கொடுப்பது சுற்றுச்சூழலுக்குச் செய்யும் உதவி ஆகாது. வீட்டுப்பாடம் நோட்டில்தான் தொடரும்.

மாறப்போவது வேறு சில. பாதி எழுதிய நோட்டை அடுத்த வகுப்பிலும் தொடரலாம். பாடத்துக்கொரு புது நோட்டு என்று எந்த ஆசிரியரும் வற்புறுத்த மாட்டார். பிரவுன் தாள் அட்டைக்கு மேல் பிளாஸ்டிக் உறை வேண்டாம். சார்ட்டில் ஜிகினாத் தூளோ பளபளக்கும் ஒட்டுத் தாளோ ஒட்டினால் அது பழைய பேப்பர் கடைக்குக்கூடப் போகாது. இனி அதற்கு மதிப்பெண் கிடையாது. வகுப்பறைக் காகிதத்தை மைதானத்து மூலையில் எரிப்பதை நிறுத்திவிட்டோம். ஒவ்வொரு வகுப்பிலும் காகிதத்துக்கென ஒரு சாக்குப் பை இருக்கும். சோற்றுப் பருக்கையோ குழம்போ பட்ட தாள் அதில் சேரக் கூடாது; வீட்டிலும் அப்படியே பிரித்து வைத்தால் உதவியாக இருக்கும்.

வராந்தாவில் உள்ள படங்களை எடுக்கப்போவதில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை வரும். அதற்காகச் சவுக்குப் பயிரிடும் பெற்றோரும், காகித ஆலையிலோ சர்க்கரை ஆலையிலோ வேலை செய்பவர்களும், பழைய பேப்பர் கடை நடத்துபவர்களும் ஒரு சனிக்கிழமை காலை வந்து பிள்ளைகளிடம் பேச வேண்டும். கூழை வேகவைப்பது எப்படி, கழிவுநீர் எங்கே போகிறது, எந்தத் தாளுக்குக் கடையில் என்ன விலை என்று உங்களுக்குத் தெரிந்ததைச் சொன்னால் போதும். பிள்ளைகள் சங்கடமான கேள்விகளும் கேட்பார்கள், கேட்கட்டும். வர இயன்றவர்கள் பிள்ளையின் நாட்குறிப்பில் பெயரையும் வசதியான சனிக்கிழமையையும் எழுதி, வகுப்பாசிரியரிடம் இந்த மாத இறுதிக்குள் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்