பென்சிலில் எழுதிய வரிகள்

பட்டர்வொர்த், பினாங்கு
ஞாயிறு இரவு

அன்புள்ள விஜி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. அம்மாவின் முழங்கால், பழுதான லிஃப்ட், பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் தலைமையாசிரியர் என்று மூன்று பக்கம் நீலப் பேனாவில் எழுதிவிட்டு, கடைசித் தாளின் பின்பக்க மூலையில் ஐந்து வரியை மட்டும் பென்சிலில் எழுதியிருக்கிறாய். மனம் மாறினால் அழித்துவிடலாம் என்றுதானே? அழிக்காமல் அனுப்பினாயே, அதுவே பெரிது. இந்தக் கடிதம் அந்த ஐந்து வரிக்கு மட்டும். முழங்காலுக்கும் லிஃப்டுக்கும் அடுத்த வாரம் எழுதுகிறேன்.

என் பக்கத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. காலை ஃபெரியில் ஏறித் தீவுக்குப் போகிறேன், மருந்துக்கடையில் நிற்கிறேன், இரவு திரும்புகிறேன். 2023-இல் விட்ட புதிய ஃபெரிகளில் உட்கார வசதி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பழைய ஃபெரியின் மேல்தட்டில் நின்று முகத்தில் வாங்கிய காற்றுக்கு ஈடு இல்லை. சேகர் லாரியோடு ஜொகூர் போயிருக்கிறார். வீட்டில் நானும் ஒரு பூனையும்.

இனி உன் கேள்வி. மாதவிடாய் நாள்களில்தான் உடம்பு அதிகமாகக் கேட்கிறது என்கிறாய். தனியாக இருந்து தீர்த்துக்கொண்டால் வலியும் கொஞ்சம் இறங்குகிறது. பிறகு மனம் அரிக்கிறது. இது கெடுதலா, பாவமா? ஐந்து வரிக்குள் ‘அது’ என்ற சொல் நான்கு இடத்தில் வருகிறது. உன்னைக் குறை சொல்லவில்லை. நம்மிடம் வேறு சொல் எங்கே இருக்கிறது? சுயஇன்பம் என்று அச்சில் போடுகிறார்கள், நல்ல சொல்தான். ஆனால் அதை நான் அதிகம் பார்த்தது வார இதழ்களின் கடைசிப் பக்கத்து வைத்தியர் விளம்பரத்தில்தான்: நரம்புத் தளர்ச்சி, இளைஞர்களே தயங்காமல் வாருங்கள் என்று. எல்லாம் ஆண்களுக்கு. பெண்களைப் பயமுறுத்தக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை.

உன் அம்மாவின் பட்டியல் எனக்கு மனப்பாடம். தூரமான நாளில் ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது. சாமி விளக்கின் பக்கம் போகக்கூடாது. கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடியின் ஐந்தாவது மாடியில் பெயிண்ட் டின்னில் நிற்கிறதே அந்தக் கறிவேப்பிலைச் செடி, அதன்மேல் உன் நிழல்கூடப் படக்கூடாது. உனக்கு வயது 46, நாற்பது பிள்ளைகளை அடக்கி ஆளும் ஆசிரியை. இன்னும் மாதாமாதம் தனிப் பாய், தனித் தம்ளர்! அந்த நீண்ட பட்டியலில் நீ கேட்டது மட்டும் இல்லை, கவனித்தாயா? அனுமதித்து விட்டுவைக்கவில்லை. ஒரு பெண் இப்படியும் செய்வாள் என்று பட்டியல் போட்டவர்களின் நினைப்பிலேயே வரவில்லை. தடை போடவே மறந்துபோன ஒன்றுக்கு நீயாக உட்கார்ந்து தண்டனை எழுதிக்கொண்டிருக்கிறாய்.

இன்னொன்று. அம்மா வருடம் தவறாமல் செவ்வாடை கட்டி ஓம் சக்தி மன்றத்துக்குப் போகிறாரே, அந்த மேல்மருவத்தூர் வழிபாட்டில் மாதவிடாய் நாளிலும் பெண்கள் கோயிலுக்குள் போகலாம், பூசையும் செய்யலாம். ஆதிபராசக்திக்கு ஆகிவருவது பெயிண்ட் டின் கறிவேப்பிலைக்கு ஆகிவரவில்லை போலும். இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே, நான் அடுத்த முறை வரும்போது எனக்குத் தோசை கிடைக்காது. பாவ புண்ணியம் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

கெடுதலா என்று கேட்டால் பதில் சொல்ல முடியும். கெடுதல் இல்லை.

சுங்கை டுவா அறை நினைவிருக்கிறதா? 2002. நான்கு பேர், ஒரே குளியலறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். நீ வலியில் சுருண்டு படுத்திருப்பாய்; தொழிற்சாலையில் இரண்டு மாத்திரையைக் கொடுத்து மறுபடியும் வரிசைக்கே அனுப்பியிருப்பார்கள். நான் இஸ்திரிப் பெட்டியால் துண்டைத் தேய்த்துச் சூடாக்கி உன் அடிவயிற்றில் வைப்பேன். துண்டின் ஓரம் ஒருமுறை கருகி, அறை முழுக்கத் தீய்ந்த வாடை. நாம் செய்தது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் 38.9 டிகிரிச் சூட்டுப் பட்டை, இபுபுரோஃபென் மாத்திரையின் அளவுக்கே வலியைக் குறைத்தது என்று 2001-இல் ஓர் ஆய்வு வெளிவந்திருக்கிறது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், நீ மட்டும் சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டிருக்க வேண்டாம். எனக்கு 39 வயதில், இரண்டாம் நாள் இரவு, தூக்கம் வராமல் புரண்டபோதுதான் இது முதன்முதலில் புரிந்தது. அதுவரை அந்த நாள்களில் உடம்பைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பழைய கருஞ்சிவப்புத் துண்டை இரண்டாக மடித்து விரித்துக்கொண்டேன். முடிந்தபோது, பிழிந்த துணியை உதறி விட்டதுபோல் வயிறு தளர்ந்தது. நன்றாகத் தூங்கினேன். அடுத்த மாதமும் அதே தைரியத்தில் தொடங்கினேன். ஆனால் அதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் வயிற்றுக்குத் தைலம் தேய்த்திருந்தேன் என்பதை மறந்துவிட்டேன். விஜி, குளியலறைக் குழாயடியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே சேகர், பூனை உள்ளே மாட்டிக்கொண்டதா என்று கேட்கிறார். ஆகவே முதல் பாடம்: கையைச் சோப்புப் போட்டுக் கழுவு. தைலம் தேய்த்த கை என்றால் இரண்டு முறை.

வலி எப்படி இறங்குகிறது என்று கேட்பாய். கர்ப்பப்பையின் உள்தோல் உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து, தசையை இறுக்கிப் பிழிகிறது. அந்த இறுக்கம்தான் வலி. மெஃபனமிக் அமிலம், இபுபுரோஃபென் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பைக் குறைக்கின்றன. (சாப்பிட்ட பிறகு போடு. வயிற்றுப் புண்ணோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் கேட்காமல் போடக்கூடாது.) இன்பம் வேலை செய்வது வேறு வழியில். உச்சத்தில் மூளை எண்டார்பினை விடுகிறது, அது உடம்பே தயாரிக்கும் வலி மருந்து. தசைகளும் தாளமாகச் சுருங்கிப் பிறகு தளர்கின்றன. பெவர்லி விப்பிள், பேரி கோமிசாரக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1985-இல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பெண்களின் விரலைக் கருவியால் அழுத்தி, எந்த அளவில் வலி தெரிகிறது என்று அளந்தார்கள். சுயமாகத் தூண்டிக்கொண்டபோது வலி தாங்கும் அளவு கூடியது, உச்சத்தில் இன்னும் கூடியது. ஆனால் அது விரல் வலி, மாதவிடாய் வலி இல்லை. அதனால் இதை மருந்து என்று நான் சொல்லமாட்டேன். சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை, சிலருக்கு முதலில் வலி கூடுகிறது. உனக்கு உதவியது என்றால் உதவியதுதான்.

ஆசை அந்த நாள்களில் கூடுவதும் புதுமை இல்லை. பலருக்கு மாத நடுவில், முட்டை வெளியாகும் சமயத்தில் கூடும். உன்னையும் என்னையும் போன்றவர்களுக்கு அந்த மூன்று நாளில். ரத்தப்போக்கு அதிகமாகிவிடுமோ என்ற பயமும் வேண்டாம். தசை சுருங்கும்போது உள்ளே இருப்பது சற்று வேகமாக வெளியே வரும், அவ்வளவுதான். ஒரு மாதத்துக்கு மொத்தமாகவே சராசரியாக 30 முதல் 40 மில்லிதான் போகிறது, மூன்று மேசைக்கரண்டிகூட நிறையாது. துணியில் பார்க்கும்போது அண்டா நிறையப் போனதுபோல் இருக்கும்.

சுத்தம் பற்றி மட்டும் கடைக்காரியாகச் சொல்கிறேன். நகத்தை வெட்டிக்கொள். டாம்பன் (உள்ளே வைக்கும் பஞ்சு) வைத்திருந்தால் முதலில் எடுத்துவிடு, உள்ளே தள்ளிப்போய் மறந்துவிடும். எட்டு மணி நேரத்துக்கு மேல் அது உள்ளே இருக்கவே கூடாது. பிறகு வெளியே வெந்நீரில் கழுவினால் போதும். உள்ளே சோப்பும் வேண்டாம், வெற்றிலைத் தண்ணீரும் வேண்டாம். உள்ளே இயல்பாக ஒரு புளிப்புத் தன்மை உண்டு, அதுதான் கிருமியைத் தடுக்கும் காவல். அந்த நாள்களில் ரத்தம் கலப்பதால் காவல் ஏற்கெனவே கொஞ்சம் தளர்ந்திருக்கும். வெற்றிலைக் கழுவுநீர்ப் போத்தலை எடுத்து வருகிறவர்களிடம் இதைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன், முதலாளி என்னை முறைக்கிறார்.

இன்பக் கருவிகளைப் பற்றி நீ கேட்கவில்லை, கேட்க நினைத்திருப்பாய். மலேசியத் தண்டனைச் சட்டம் 292-ஆம் பிரிவின்படி ஆபாசப் பொருள் விற்பது இங்கே குற்றம், அவற்றையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். கை போதும். சமையலறையிலிருந்து எதையும் எடுக்காதே, அங்கே செய்த விபரீதங்களுக்கு மருந்து கேட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே எதுவும் போக வேண்டிய தேவையும் இல்லை. ஹெலன் ஓ’கானல் என்ற ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் 1998-இல் எழுதிக் காட்டும்வரை, பெண்ணின் இன்ப உறுப்பான கிளிட்டோரிஸின் பெரும்பகுதி உள்ளே மறைந்திருக்கிறது என்பதைப் பாடநூல்களே சரியாகச் சொல்லவில்லை. வெளியே தெரிவது நுனி மட்டும். நிலவுக்கு மனிதன் போய் இறங்கி 29 வருடம் கழித்து!

இதுவரை எழுதியதெல்லாம் உன் முதல் நான்கு வரிக்கு. ஐந்தாவது வரியை நான்கைந்து முறை படித்தேன். ‘போன தீபாவளியிலிருந்து, முடிந்த பிறகு ஆழத்தில் ஒரு வலி மறுநாள்வரை நிற்கிறது, காலைக்கடனுக்கு உட்கார்ந்தாலும் குத்துகிறது, வயதாகிறது போலும்’ என்று எழுதியிருக்கிறாய். இதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டுதான் பாவமா என்று கேட்டாயோ? வயதும் இல்லை, தண்டனையும் இல்லை. புதிதாக வந்து, வளர்ந்துகொண்டே போகும் வலி எதையோ சொல்கிறது. கர்ப்பப்பைச் சுவரில் கட்டி இருக்கலாம். கர்ப்பப்பையின் உள்தோலைப் போன்ற திசு வெளியே, குடலுக்குப் பக்கத்தில் வளரும் எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு அது உண்டு; பல வருடம் ‘சாதாரண வலி’ என்றே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அதை ஸ்கேன் சொல்லட்டும், நீ சொல்லாதே. ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைந்தால் எனக்காகக் காத்திருக்காதே, அன்றே போ.

அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட்தான். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார்கள். கவுண்டரில் கூச்சமாக இருந்தால் ‘செங்குகுட்’ என்று மலாயில் சொல், அந்த வலிக்கு அவர்களிடம் ஒரே சொல் இருக்கிறது, யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். உள்ளே டாக்டரிடம் மட்டும் எதையும் மறைக்காதே. இன்பத்துக்குப் பிறகு வலிக்கிறது என்பது அவருக்குத் தேவையான தகவல். கல்யாணம் ஆகாதவள் இதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பாய். அவர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். போன மூன்று மாதத் தேதிகளை நாட்காட்டியில் குறித்து வை. அம்மா கேட்டால் பால் கணக்கு என்று சொல்.

அடுத்த மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. காலை ரயிலில் கிளம்பினால் மதியத்துக்கு முன் கேஎல் சென்ட்ரலில் இறங்கிவிடுவேன். நீயும் அன்று பள்ளியில் லீவு சொல்லிவிடு, நேராகக் கிளினிக்குக்குப் போய்விடலாம். அம்மாவுக்கு ஜாதிக்காய் ஊறல் வாங்கி வருகிறேன், அதை நாள் கிழமை பார்க்காமல் யாரும் தொடலாம்.

கடிதத்தைப் படித்துவிட்டு அரிசி டின்னுக்கு அடியில் வைக்காதே. அம்மா முதலில் தேடும் இடம் அதுதான்.

அன்புடன்,
கமலா