ரசீது எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொது விவாதங்களில் நாகரிகம் தேய்ந்துவருவது குறித்து உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வளர்ப்புச் சரியில்லை என்று கட்டுரையாளர் நொந்துகொள்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு சங்கத்தின் செயலாளராகப் பல ஆண்டுகள் கூட்டக் குறிப்பு எழுதியவன் நான். பதில் கைவசம் இல்லாதபோதுதான் பெரும்பாலானோருக்கு வாய் தடிக்கிறது.

ஒரு பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் எழுந்து, "இந்தச் செலவுக்கு ரசீது எங்கே?" என்று கேட்டார். "அதைக் கேட்க நீ யார்?" என்றார் பொருளாளர். அதுவரை இருவரும் 'நீங்கள்' என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். நம் மொழியில் ஒருவரை அவமதிக்க வசைச்சொல்லே வேண்டாம். 'ங்கள்' உதிர்ந்தால் போதும், 'சொன்னார்' என்பது 'சொன்னான்' ஆனால் போதும். 'நீ' என்றது சரியா, வயதில் மூத்தவர் அப்படிச் சொல்லலாமா, முதலில் யார் மன்னிப்புக் கேட்பது என்று முக்கால் மணி நேரம் ஓடியது. கேள்வி கேட்டவரே கேள்வியை மறந்துவிட்டார். 'காரசாரமான விவாதம் நடைபெற்றது' என்று ஒரே வரியில் எழுதி முடித்தேன்.

அமெரிக்க ராணுவப் பொறியாளர் ஹென்றி ராபர்ட், ஒரு தேவாலயக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கப்போய், அதை நடத்தத் தெரியாமல் திண்டாடியவர். அந்தச் சங்கடத்திலிருந்து பிறந்தது, 1876-இல் அவர் வெளியிட்ட கூட்ட நடைமுறைக் கையேடு. அதன்படி, தீர்மானத்தை எவ்வளவு கடுமையாகவும் சாடலாம். கொண்டுவந்தவருக்கு உள்நோக்கம் கற்பிக்கக் கூடாது. எதுவானாலும் தலைவரை நோக்கித்தான் பேச வேண்டும். உலகின் பல நாடாளுமன்றங்களிலும் இதுவே வழக்கம். எதிரே இருப்பவரிடம் நேரடியாகப் பேசவே முடியாதபோது 'நீ' எங்கிருந்து வரும்? எங்கள் கூட்டத்தில் இந்த ஒரு விதி இருந்திருந்தால், பொருளாளர் ரசீதைத் தேடியாவது இருப்பார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. "மரியாதையாகப் பேசு" என்று அதட்டிக் கேள்வியை அமுக்குபவர்களையும் பார்த்திருக்கிறேன். (அதையும் ஒருமையில்தான் சொல்கிறார்கள்.) 2021 ஜூலையில் பிரிட்டன் மக்களவையில், பிரதமர் போரிஸ் ஜான்சன் பொய் சொன்னார் என்று கூறிய எதிர்க்கட்சி உறுப்பினர் டான் பட்லர், சொன்னதைத் திரும்பப் பெற மறுத்ததால் அன்றைக்கு அவையைவிட்டு வெளியேற்றப்பட்டார். சக உறுப்பினரைப் பொய்யர் என்பது அங்கே அவை மரபுக்கு விரோதம். பொய்யா மெய்யா என்பதை அந்த விதி விசாரிப்பதில்லை. ஆகவே சூடாகப் பேசுபவரின் வாயை அடைக்கச் சொல்லி நான் எழுதவில்லை. உங்களுக்கு வரும் கடிதங்களில் வசவு இருந்தால் அதை வெட்டிவிடுங்கள். உடன் இருக்கும் கேள்வியைத் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

பொறுப்பிலிருந்து விலகியபோது கோப்புகளை ஒப்படைத்தேன். அந்தச் செலவுக்கு நேரே இருந்த கட்டம் அப்போதும் காலியாகத்தான் இருந்தது.

இப்படிக்கு,
முன்னாள் சங்கச் செயலாளர் ஒருவர்